நீல வெளிச்சத்தில் சிவப்பு கவுன்

"நான் கேட்டது சிவப்பு. கறுப்புல தைச்சு வெச்சிருக்கீங்க?"

இயக்குநர் அரங்கின் நடுவிலிருந்து கத்தினார். நான் மேடை ஓரத்தில் வாயில் குண்டூசிகளோடு நின்றிருந்தேன். இல்லாவிட்டால் அப்போதே பதில் கிடைத்திருக்கும். எங்கள் நாடகக் குழுவில் உடை தைப்பவள் நான். தையலில் குறை சொன்னால் ஒத்துக்கொள்வேன். அபூர்வமாகத்தான், ஆனாலும் ஒத்துக்கொள்வேன். நிறத்தில் குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

நீல வெளிச்சம் விழுந்த மேடையைத் திரும்பிப் பார்த்தேன். கதைப்படி, அப்பாவை இழந்த வீடு அது. துக்கத்தை விடவே மாட்டோம் என்று எல்லாரும் கறுப்பே உடுத்துகிறார்கள். கடைசிக் காட்சியில் மூத்த மகள் மட்டும் சிவப்பு கவுனில் வந்து, கதவைத் திறந்து, தன் வாழ்க்கையைப் பார்க்க வெளியே போகிறாள். என் கவுனைப் போட்டிருந்த நடிகை மற்ற பெண்களோடு கலந்து கறுப்பாகத்தான் நின்றாள். அவள் எவள் என்று எனக்கே தெரியவில்லை.

ஊசிகளைக் கையில் துப்பிக்கொண்டு, அவளை ஒப்பனை அறைக்கு இழுத்துப் போனேன். இயக்குநரும் பின்னாலேயே வந்தார். டியூப் லைட்டின் கீழே கவுன் பளிச்சென்று சிவந்தது.

"இது என்ன நிறம் சார்? வாய் திறந்து சொல்லுங்க."

"சிவப்புதான்," என்று முணுமுணுத்தார். "அப்போ தப்பு லைட்ல."

அடக் கடவுளே, நானே என் தங்கையை மாட்டிவிட்டேன்! லைட் போட்டது அவள்தான். இத்தனை வருஷமும் வயர் இழுத்து, ஏணி தூக்கி, இந்த நாடகத்தில்தான் முதல் தடவையாக விளக்குகளை இயக்கும் லைட் போர்டு அவள் கைக்கு வந்திருந்தது. அதுவும் அரைமனதாக. இன்றைய முழு ஒத்திகையில் சொதப்பினால் பழைய லைட்காரரைத் திரும்பக் கூப்பிட்டுவிடுவேன் என்று இயக்குநர் காலையிலேயே எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். இப்போது சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

நாங்கள் மேடைக்குத் திரும்பியபோது தங்கை ஓடி வந்தாள்.

"என்னடி பண்ணி வெச்சிருக்க? என் மானமே போச்சு!"

"அக்கா, துணி தானா வெளிச்சம் விடாது. மேல விழுற வெளிச்சத்துல சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பும், மத்ததை முழுங்கிடும். நான் போட்டிருக்கிறது வெறும் நீலம். அதுல சிவப்பே இல்ல. திருப்பி அனுப்ப அது எங்க போகும்? அதான் கறுப்பா தெரியுது."

"அப்போ கொஞ்சம் சிவப்பு லைட்டும் போடு," என்றார் இயக்குநர்.

"போட்டா சுவரெல்லாம் சிவந்துடும் சார். வீடு துக்க வீடாவே இருக்காது."

"இதையெல்லாம் முன்னாடியே பார்த்திருக்கணும்."

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. "எப்படி சார் பார்க்கிறது? முழு ஒத்திகை வரைக்கும் உடுப்பு மேடைக்கு வரக்கூடாது, அழுக்காயிடும்னு சட்டம் போட்டது யாரு? லைட்ல வெச்சுப் பார்க்க இவ ஒரு துண்டுத் துணி கேட்டதுக்கும் வேண்டாம்னீங்க. இப்போ பழி மட்டும் இவ தலையிலயா?"

"அக்கா, சும்மா இரு."

"நீ சும்மா இருடி!"

இயக்குநர் எண்ணை அழுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் மணி அடிப்பது எனக்கே கேட்டது. தங்கையின் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்காக அழுவதா, அந்த மனுஷனோடு இன்னும் நாலு வார்த்தை சண்டை போடுவதா என்று எனக்கு ஓடவில்லை.

அவளோ மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், ஒரே ஒரு தடவை. கறுப்பாவே தெரியட்டும். காட்சி ஆரம்பத்துலேயே மூத்த மக இதே கவுனோட கும்பல்ல இருக்கட்டும். உள்ள நீலம். கதவுக்கு வெளியே விடிஞ்சாச்சு, அங்க வெள்ளை."

பதிலுக்குக்கூட நிற்கவில்லை. மேடையின் பக்கவாட்டில் இருந்த கதவுக்குப் பின்னால் ஓடி, அங்கிருந்த விளக்கின் முகத்திலிருந்து நீலத் தாளை உருவினாள். பிறகு லைட் போர்டுக்கு ஓடினாள். இயக்குநர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் திரும்பி நின்றார்.

மேடை நீலமானது. பெண்கள் எல்லாரும் கறுப்பாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி எழுந்து நடந்தாள். கதவின் தாழ்ப்பாளை விலக்கி இழுத்தாள்.

வெள்ளை வெளிச்சம் அவள்மேல் மட்டும் விழுந்தது. கவுனின் முன்பாதி சிவந்தது. பின்பாதி இன்னும் கறுப்பாகவே கிடந்தது. ஒரு கணம் அவள் அப்படியே பாதிப் பாதியாக நின்றாள். பிறகு வாசலைத் தாண்டி வெளிச்சத்துக்குள் போய்த் திரும்பினாள். அவள் முழுக்கச் சிவப்பு. உள்ளே இருந்தவர்கள் அசையாமல் அதே கறுப்பில் இருந்தார்கள். அந்தத் துணியை அளந்து, வெட்டி, தைத்தவள் நான், எனக்கே "அம்மாடி!" என்று வாய்விட்டு வந்துவிட்டது.

இயக்குநரின் போனிலிருந்து "ஹலோ? ஹலோ?" என்று பழைய லைட்காரரின் குரல் கேட்டது.

இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, நான்தான். நாடகத்துக்கு வந்துடுங்க. இல்லல்ல, வேலைக்கு இல்ல, பார்க்க. முன் வரிசையிலயே உங்களுக்கு இடம் போட்டு வைக்கிறேன். லைட்டா? நம்ம பொண்ணுதாண்ணே பண்றா."

"கேட்டுச்சாடி?" என்று அரங்கமே அதிரக் கத்தினேன். லைட் போர்டுப் பக்கமிருந்து அழுகைதான் பதிலாக வந்தது.