ஊசி போட்ட ஆடும் அட்மின் அண்ணாச்சியும்

என் வீட்டுக்காரர் லிங்கராஜுக்கு ஆடு மேய்க்கத் தெரியும், சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகத் தெரியும். வேறொன்றும் தெரியாது என்றுதான் கல்யாணமானதிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருசம் அவர் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின் ஆனார். அன்றிலிருந்து அவருக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமே இல்லை.

குழுவுக்கு ‘கரிசல் ஆட்டுக்காரர் விழிப்புணர்வு’ என்று பெயர். பசுவந்தனைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் தொடங்கி விளாத்திகுளம் வரைக்கும், ஆடு வைத்திருக்கிறவர்களும் நிலம் வைத்திருக்கிறவர்களும் அதில் இருந்தார்கள். விழிப்புணர்வு என்றால் என்ன என்று அவரிடம் ஒருநாள் கேட்டேன். முழிச்சுக்கிட்டு இருக்கறதுதான் என்றார். ஆடு மேயப்போன இடத்தில் கருவேல மர நிழலில் படுத்துத் தூங்கிவிட்டு, எழுந்து உட்கார்ந்து ஊரை முழிக்க வைக்கிறவர் அவர்.

தை மாதம் கால்நடை டாக்டர் சத்யபிரியா எங்கள் ஊரில் வெக்கை நோய்க்கு ஊசி போட முகாம் வைத்தார். வெக்கை வந்தால் ஆட்டுக்கு மூக்கு ஒழுகும், வாய் புண்ணாகும், கழிச்சல் எடுக்கும், ஒரு வாரத்தில் கிடையில் இருக்கிற ஆட்டில் பாதி காலியாகிவிடும். எங்கள் ஆட்களில் அது தெரியாதவர் யாருமில்லை. ஆனாலும் முகாமுக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் குழுவில் ஒரு வீடியோ போட்டார். ஊசி போட்ட ஆடுகள் கும்பலாகச் செத்துக் கிடக்கின்றன, இனி அவை சினை பிடிக்காது, கறி விஷம், பக்கத்தில் நிற்கிற ஆட்டுக்கும் சாவு தொற்றும் என்று அதன் மேலே எழுதியிருந்தது.

நானும் பார்த்தேன். அந்த ஆடுகள் முழங்கால் உயரப் பச்சைப் புல்லில் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு மெத்தை செய்கிற அளவுக்கு மயிர். பின்னால் ஒருவன் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டு நிற்கிறான். எங்கள் வேம்பூர் ஆட்டுக்கு அவ்வளவு மயிர் எங்கே இருக்கிறது, இந்தக் கரிசலில் எந்த மழைக்கு அப்படிப் புல் முளைத்தது, இது எந்த ஊருங்க என்று கேட்டேன். ஊரா முக்கியம், விசயந்தான் முக்கியம் என்றார். யார் அனுப்பினது என்று கேட்டேன். நிறையப் பேர் அனுப்பியிருக்காங்க என்றார். நிறையப் பேர் அனுப்பினால் பொய்க்குக் கொம்பு முளைத்து உண்மையாகிவிடும் போல.

முகாமுக்கு ஊரிலிருந்து ஒரே ஒருத்திதான் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள். அவள் ரெங்கம்மாள், என் அண்ணன் மனைவி; அண்ணன் செத்துப்போய்விட்டார். அவளுக்கு நிலம் கிடையாது, பிள்ளை கிடையாது, அந்த ஆடுகள்தான் எல்லாம். ஊசி போட்ட ஆட்டுக்கே மறுபடி போட்டுவிடக் கூடாது என்று டாக்டர் ஒவ்வொன்றின் பிடரியிலும் நீலச் சாயம் தொட்டு அனுப்பினார். விட்டுப்போன ஆடுகளுக்கு மறுநாள் வீடுவீடாக வந்து போடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நான் சொந்தக்காரர் வீட்டுச் சடங்குக்குக் கோவில்பட்டி போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் என் வீட்டுக்காரரின் பத்து விரலும் நீலம். வேட்டி துவைக்க வாங்கி வைத்திருந்த சொட்டு நீலம் பாட்டிலில் ஒரு சொட்டு இல்லை. அதை வாளியில் கரைத்து எங்கள் ஆடுகள் எல்லாவற்றுக்கும் பிடரியில் தடவியிருக்கிறார். டாக்டரம்மா வந்ததும், விளாத்திகுளத்தில் மச்சான் கிடையோடு சேர்த்துப் போட்டாயிற்று என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு ஒரே சிரிப்பு. டாக்டரை ஏமாற்றிய நீலத்தைக் காட்டி வெக்கையையும் ஏமாற்றிவிடலாம் என்று அந்தப் பெரிய மூளை கணக்குப் போட்டிருக்கும். டாக்டரிடம் போய்ச் சொல்லிவிடுவேன் என்றேன். போனால் அப்படியே உன் அப்பன் வீட்டுக்குப் போய்விடு என்றார். இந்தச் சண்டை எங்களுக்குள் நடந்துகொண்டிருக்கும்போதே வெக்கை வந்துவிட்டது.

மாசியில் எங்கள் தொழு காலி. கடைசி ஆடு செத்த அன்று அவர் தொழுவத்துக்குள் போய் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன். ஆட்டுக்காகத்தான் அழுதேன், அவருக்காக இல்லை. பக்கத்து வீட்டுக் கடற்கரை அண்ணனுக்குப் பாதி ஆடு போய்விட்டது. ரெங்கம்மாள் கிடையில் ஒரு குட்டிகூடத் தும்மவில்லை.

ஒரு ஊருக்கே வெக்கை வந்து ஒருத்தி ஆட்டுக்கு மட்டும் வரவில்லை என்றால், புத்தி உள்ளவன் என்ன நினைப்பான்? அவள் என்ன செய்தாள், நாமும் அதைச் செய்திருக்கலாமே என்று நினைப்பான். எங்கள் ஊரில் வேறு மாதிரி நினைத்தார்கள். ஊசி போட்டதால் அவள் ஆடு எல்லாம் சாகும் என்று தையில் சொன்னவர்கள், ஊசி போட்டதால்தான் அவள் ஆடு சாகாமல் நம் ஆட்டுக்குச் சாவை ஏற்றிவிட்டது என்று மாசியில் சொன்னார்கள். இரண்டையும் சொன்னது ஒரே வாய்தான். அந்த வாய்க்குள்ளே இரண்டும் எப்படிச் சண்டை போடாமல் இருந்தன என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

என் வீட்டுக்காரர் அதற்கும் குழுவில் ஒரு போட்டோ போட்டார். பிடரியில் நீலத்தோடு ஒரு ஆடு செத்துக் கிடக்கிறது. ‘ஊசி போட்டு இறந்த ரெங்கம்மாள் ஆடு. இவர்தான் ஊருக்குள் நோயைக் கொண்டுவந்தவர். பகிரவும்.’ கூடவே தன் குரலில் ஒரு வாய்ஸ் வேறு. எப்போதும்வென்றான் ஊர் வரைக்கும் அது போய்விட்டது. அங்கேதான் ரெங்கம்மாள் ஒவ்வொரு பங்குனியிலும் வேலுத்தாய் என்கிற அம்மாளின் நிலத்தில் கிடை போடுவாள். ஆடுகள் ராத்திரியில் நிலத்தில் அடைந்து கிடந்தால் அம்மாளுக்கு உரம். அறுத்த கொல்லையில் மேய்ச்சலும் கிணற்றுத் தண்ணீரும் ஆட்டுக்கு. கோடையைத் தாண்ட அவளுக்கு வேறு வழியே கிடையாது. அது இல்லையென்றால் ஆடுகளைக் கறிக்காரனுக்குத் தள்ளிவிட்டுக் கையை வீசிக்கொண்டு வரவேண்டியதுதான். கிடைக்கு வர வேண்டாம் என்று வேலுத்தாய் சொல்லியனுப்பினாள். இந்தப் பக்கம் எங்கள் ஊரிலோ, ரெங்கம்மாள் ஆடு ஊருணியில் வாய் வைக்கக் கூடாது என்று தீர்மானம் போடக் கூட்டம் கூட்டினார்கள்.

அது பொய், அது எங்கள் ஆடு என்று நான் குழுவில் எழுதினேன். அட்மின் என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார். தாலி கட்டினவர், ஒரு விரலால் தூக்கிவிட்டார். செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே கூட்டம் நடக்கிற சாவடிக்கு நடந்தேன்.

அங்கே ஆம்பளைகள் எல்லாம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரெங்கம்மாள் ஓரமாக நின்றாள். என் வீட்டுக்காரர் நடுவில். நான் கடற்கரையிடம் போய் அந்தப் போட்டோவை எடுக்கச் சொன்னேன்.

“நீலத்த விடு. காதப் பாரு” என்றேன்.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காதுக்குறி உண்டு. குட்டியிலேயே வெட்டிவிடுவோம். இடது காது நுனி பிளந்திருந்தால் எங்கள் வீடு. வலது காது ஓரத்தில் கொத்து இருந்தால் ரெங்கம்மாள் வீடு. ஆயிரம் ஆட்டை ஒன்றாகக் கலந்து விட்டாலும் பிரித்து ஓட்டிக்கொண்டு போய்விடுவோம். ஆடு எதிரே வந்தால் எங்கள் கண் முதலில் போகிற இடம் காது. அப்பேர்ப்பட்ட மனுசர்கள், அந்த ஆடு போனுக்குள் வந்ததும் காதை விட்டுவிட்டு மேலே இருந்த எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுத்த மகராசனுக்கும் காதை மறைக்கத் தோன்றவில்லை.

கடற்கரை விரலால் படத்தைப் பெரிதாக்கினார். இடது காது நுனி பிளந்து பளிச்சென்று தெரிந்தது. போன் கைக்குக் கை மாறியது.

கடற்கரைதான் கடைசியில் கேட்டார். “ஏலே லிங்கராஜு, இது ஒன் ஆடுல்லா. அப்ப எங்களுக்கு வேண்டாம்னு சொல்லிட்டு, நீ மட்டும் ரகசியமா ஊசி போட்டியா?”

என் வீட்டுக்காரருக்கு வேர்த்துவிட்டது. ஊசி போட்டேன் என்றால் ஊரை ஏமாற்றியவன். போடவில்லை என்றால் அந்த நீலம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அவர் முதலில் போட்டோவை யாரோ எடிட் பண்ணிவிட்டார்கள் என்றார். அதை எடுத்ததும் போட்டதும் நீதானே என்று நாலு பேர் ஒன்றாகக் கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் சொட்டு நீலம் வெளியே வந்தது. சாவடியில் சிரித்த சிரிப்பில் அவர் தலை இன்னும் கீழே போனது. சிரித்தவர்களும் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. அந்த வீடியோவைப் பத்துப் பேருக்கு அனுப்பாதவன் அங்கே எவனும் கிடையாது. எல்லாரும் ஏதோ சினிமா பார்க்க வந்தவர்கள் மாதிரி சிரித்தார்கள். ரெங்கம்மாளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருணித் தீர்மானத்தை மட்டும் பேசாமல் விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் போட்டோவையும் வாய்ஸையும் குழுவில் அழித்தார். அழிச்சாச்சு, முடிஞ்சுபோச்சு என்று போனைச் சார்ஜில் போட்டார். அப்போதுதான் ரெங்கம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

“போனுல போட்டத போனுல அழிச்சிட்டீய அண்ணே. வேலுத்தாயிக்குச் சொன்னத ஆரு அழிப்பா? நேர்ல வந்து சொல்லுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் வண்டிச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

ரெங்கம்மாள் விடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நாங்கள் வண்டியில் பின்னாலேயே போனோம். உச்சி வெயிலில் எல்லாரும் வேலுத்தாயின் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தோம். மக்காச்சோளம் அறுத்த தட்டை காய்ந்து நின்றது. வேலுத்தாய் வரப்பிலேயே நின்று, கொல்லைக்குள் ஒரு ஆடும் இறங்கக் கூடாது என்று கையைக் காட்டினாள். கெட்ட மனுசி இல்லை. ரெங்கம்மாளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். ஆட்டுக்குத்தான் கொடுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் முன்னே போனார். ஊசி நல்லதுதான், போடாத ஆடுதான் செத்தது, அந்தப் போட்டோவில் இருப்பது என் ஆடு என்று முழுவதையும் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு நிமிசம் எனக்கே பாவமாக இருந்தது.

வேலுத்தாய் பொறுமையாகக் கேட்டாள். “நீங்க சொல்லுதது இருக்கட்டும் அண்ணாச்சி. லிங்கராஜ் அண்ணாச்சி வேற மாதிரில்லா சொல்லியிருக்காவ” என்றாள்.

“நாந்தாம்மா லிங்கராஜு.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். வியர்வையில் ஒட்டின சட்டை, கலங்கின கண், குனிந்த தலை. குழுவில் லிங்கராஜ் அண்ணாச்சியின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிங்கம் இருந்தது. வேலுத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போனை எடுத்து நீட்டினார். போனு ஆரு கையில வேணும்னாலும் இருக்கும் என்றாள். நான் போய், இவர்தான், நான் இவர் பொண்டாட்டி என்றேன். என்னையும் அதே கண்ணால் பார்த்தாள். இந்த வேசத்துக்கு இவியளுக்கு என்ன குடுத்த என்று ரெங்கம்மாளிடம் கேட்டாள்.

“அண்ணாச்சி கொரலு எனக்குத் தெரியாதா? குரூப்புல அழிச்சாலும் நான் தனியா எடுத்து வச்சிருக்கேன். கேளுங்க” என்று வேலுத்தாய் போனைத் தட்டினாள்.

வெட்டவெளியில் என் வீட்டுக்காரரின் குரல் கணீரென்று கேட்டது. தடுமாற்றமே இல்லை.

“சொந்தங்களே, நான் லிங்கராஜ் பேசுதேன். ரெங்கம்மாள் ஆட்ட உங்க நெலத்துல விட்டுராதீங்க. நாளைக்கு எவனாவது வந்து இதெல்லாம் பொய்யின்னு அழுவான், காலப் பிடிப்பான். என் பேரச் சொல்லிக்கிட்டே வந்தாலும் நம்பிராதீங்க.”

என் வீட்டுக்காரர் அதை முழுவதும் நின்று கேட்டார். கேட்டு முடித்ததும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. கையில் இருந்த தண்ணீரைக் குடிக்காமல் ரெங்கம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். கம்பை எடுத்து ஆடுகளைச் சந்தைக்குப் போகிற ரோட்டில் திருப்பினாள்.