கையில் ஒட்டிய மருந்து

எழுபத்திநாலில் மழை ஏமாற்றிவிட்டது. பரளச்சியைத் தாண்டி உள்ளே கிடக்கும் எங்கள் ஊரில் ஊருணியை விட்டால் தண்ணீருக்கு வேறு கதியில்லை. அதுவும் கலங்கல். அந்தக் கோடையில்தான் ஒச்சம்மாளின் மகள் சந்தனம்மாள் நாளெல்லாம் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

பதினைந்து வயசு. சாணி அள்ளிவிட்டுக் கழுவினால் சரி. கதவைத் தொட்டாலும் கழுவினாள். கழுவிய கையை உற்றுப் பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினாள். தாய் சுமந்து வந்த குடம் மத்தியானத்துக்குள் காலியாகிவிடும். ஊர் வாய் சும்மா இருக்குமா? திமிர் என்றார்கள். கட்டிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்றார்கள். எங்கள் ஊருக்குத் தெரிந்த நோய் அது ஒன்று, வைத்தியம் இது ஒன்று.

வீட்டில் தாயும் மகளும்தான். ஒச்சம்மாளோ கோபக்காரி. ஒருநாள் குடத்தை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டு விறகுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது மகள் கொல்லையில் உட்கார்ந்து கைகளை மண்ணால் தேய்த்துக்கொண்டிருந்தாள். புறங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அழுதுகொண்டே தேய்த்தாள், நிறுத்த முடியவில்லை. திமிர் பிடித்தவள் தன் தோலையா உரிப்பாள்? ஒச்சம்மாளுக்குக் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது.

விறகை இறக்கிவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கழுவாட்டி என்ன தாயி ஆகும்?"

ஏன் கழுவுகிறாய் என்று அதட்டாதவர் ஊரில் இல்லை. இப்படி யாரும் கேட்டதில்லை. சந்தனம்மாள் தலை நிமிராமல் சொன்னாள்.

"நீ செத்துப்போயிருவ, ஆத்தா."

போன வருஷம் பக்கத்துப் புஞ்சைக் குருவம்மாள் பருத்திக்குப் பூச்சி மருந்து அடித்துவிட்டு, கை கழுவாமல் கஞ்சி குடித்துச் செத்தாள். அதே மருந்தைத் தங்கள் பருத்திக்குக் கலக்கியவள் சந்தனம்மாள். பருத்தி கருகி, மருந்து டப்பாவைப் புதைத்தும் மாதக்கணக்காகிறது. ஆனாலும் கையில் அது ஒட்டியிருப்பதாகவும், தொட்டதிலெல்லாம் ஏறி ஆத்தா சோற்றில் சேர்ந்துவிடும் என்றும் தோன்றுகிறது, இல்லை என்று தெரிந்தும் மனசு கேட்கவில்லை என்றாள்.

ஒச்சம்மாள் மடியிலிருந்து சாவியை எடுத்தாள். தன் உயிருக்காகக் கழுவியவளையா இத்தனை நாளும் வைதோம்?

கதவைத் திறந்து, ஒரு செம்பு தண்ணீரில் அந்தக் கைகளைத் தானே அலம்பித் துடைத்தாள். காயத்துக்கு எண்ணெய் தடவினாள். மகள் மறுபடியும் செம்பை எடுக்கப்போனதும் அதைத் தள்ளி வைத்தாள். சோளச்சோற்றுக் கும்பாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"எனக்கு ஊட்டி விடு."

சந்தனம்மாள் மாட்டேன் என்று தலையாட்டினாள். தாய் வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து மகள் ஒரு வாய் ஊட்டினாள். தாய் மென்று விழுங்கினாள். மகள் கண் கொட்டாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கேன்ல? இன்னொரு வாய் குடு."

மறுநாளும் சந்தனம்மாள் கழுவத்தான் செய்தாள். ஒச்சம்மாளும் மறுநாள் கும்பாவோடு வந்து, எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.