காலிக் கேரியர்

பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அவள் பாதியாக அறுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பில், பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது.

“ஏண்டி, அந்தக் கைப்பிடி உன்னை என்ன பண்ணுச்சு?”

“கனம்மா.”

“கனமா! உங்கப்பா சிமென்ட் மூட்டையை ஏத்திக்கிட்டு மூணு மாடி ஏறுவாரு. அவரு பெத்த பொண்ணுக்குப் பல்லு வெளக்குற குச்சி கனக்குதாம்.”

“சிரிம்மா. மேட்டுல ஏறும்போதுதான் இந்த ஏழு கிராமோட அருமை தெரியும்.”

வேலை பார்க்கிற கடையில் அவளுக்குப் பெயரே கிராம்தான். முதுகுப்பையும் மடக்கு சைக்கிளுமாக ஊர்சுற்றக் கிளம்புகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடை. எதைக் கையில் எடுத்தாலும் முதலில் தராசில் போடுவாள். பிறகுதான் நிறம் என்ன, துணி என்ன என்று பார்ப்பாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது ஒரு எரிச்சல். அதைவிடப் பெரிய எரிச்சல் வாடிக்கையாளர்கள். பை கொஞ்சம் கனத்தால் போதும், தோளைத் தடவிக்கொண்டு முகம் சுளிப்பார்கள். சுமை குறையட்டும் என்று காசைக் கொட்டுகிறவர்கள் இந்தத் தெருவில். சுமை ஏறினால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்கிறவர்கள் இரண்டு தெரு தள்ளி, சரக்குக் கிடங்கில்.

அப்பா அந்தக் கிடங்கில் மூட்டை தூக்கினார். ஒரு லாரியில் பாதி இறக்கியிருந்தபோது முதுகில் இருந்த மூட்டையோடு குப்புற விழுந்தார். மற்றவர்கள் மூட்டையைப் புரட்டித் தள்ளியபோது மூச்சு இல்லை. மூட்டை அறுக்காமல் இருக்க அவர் தோளில் மடித்துப் போட்டுக்கொள்ளும் சும்மாட்டுத் துணி இன்னும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அம்மா அதைத் துவைக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

பிறந்ததிலிருந்து அவள் எங்கேயும் தனக்காகப் போனதில்லை. போனால் கையில் யாருக்காவது மருந்து, யாருக்காவது சோற்றுப் பாத்திரம். கடையில் கெஞ்சிக் கூத்தாடி இப்போதுதான் விடுப்பு வாங்கியிருந்தாள். சைக்கிளை மடக்கி ரயிலில் ஏற்றி, மலையடிவாரத்தில் இறங்கி, மேடேறிக் கடந்து, கடல் தெரிகிற வரைக்கும் மிதித்துவிட வேண்டும். தன் சாமானைத் தானே சுமந்து, இன்னொருவர் முதுகு நோகாமல் ஒரே ஒரு தடவை. அதுதான் ஆசை.

சைக்கிள், கடையில் ஓரங்கட்டிக் கிடந்த பழசு. கடைக்காரர் அதைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

“கிராம், முதல்ல இந்த கேரியரைக் கழட்டிப் போடு. இரும்பு. முக்கால் கிலோ தண்டம்.”

“பையை எங்க சார் வைக்கிறது?”

“முதுகுலதான். சைக்கிளைத் தூக்கிக்கிட்டு பிளாட்ஃபாரப் படி ஏறுவே பாரு, அப்ப என்னை நினைப்பே.”

“உங்களை நினைக்கிறதே ஒரு கனம் சார்.”

“வாய் மட்டும் ரெண்டு கிலோ. அதைக் கழட்டத்தான் ஸ்பேனர் இல்ல.”

கேரியரைக் கழற்றினாள். டென்ட்டுக்குக் கம்பி வேண்டாம், சைக்கிளையே தூணாக நிறுத்திக்கொள்ளலாம். ஸ்லீப்பிங் பேக் வேண்டாம், உடம்புக்கு அடியில் நசுங்குகிற பஞ்சு எப்படியும் சூடு தராது. மேலே போர்த்திக்கொள்ள ஒரு மெல்லிய பஞ்சுப் போர்வை போதும். ஒரே பாத்திரம், அதுவே தம்ளர். சட்டைக் கழுத்தில் தைத்திருந்த லேபிளைக்கூடப் பிரித்து எறிந்தாள். எல்லாவற்றையும் அடைத்துக் கொக்கித் தராசில் மாட்டினால் ஏழரைக் கிலோ. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலமே பையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

முதுகில் ஒன்றுமே இல்லை.

கை தேர்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பாலத்தைத் தாண்டித் திரும்புகிற வரைக்கும் தலையணை உறையை மாட்டியது போலத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பையை இறக்கி, கதவைச் சாத்தும்போது கை சும்மாட்டுத் துணியில் பட்டது. ஈரம்.

“அம்மா, இதைத் துவைச்சியா?”

“நான் ஏன் அதைத் தொடறேன்?”

முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனை இல்லை. உப்பு, சாக்கு, சிமென்ட் தூசு.

மறுநாள் பையோடு கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். “கனமாத்தானே இருக்கு? மாட்டு, பாக்கலாம்.” மாட்டினாள். பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார்.

“என்ன சார்?”

“பை ஏன் உன் முதுகுல ஒட்டாம நிக்குது?”

அவள் தோள் வாரில் விரலை நுழைத்தாள். தாராளமாகப் போனது. கடைக்காரர் பைக்கும் முதுகுக்கும் நடுவில் கையை விட்டுவிட்டு, சுட்டது போல வெளியே இழுத்துக்கொண்டார். “வாரை இறுக்கிக் கட்டு, எல்லாம் சரியாப் போகும்,” என்றவர் அன்றைக்கு அவள் பக்கமே வரவில்லை.

அவளுக்குப் பயத்தைவிட வீம்பு அதிகம். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் கேன்களை நிரப்பிப் பைக்குள் திணித்தாள். தராசின் முள் கடைசிக் கோட்டில் போய் இடித்துக்கொண்டு நின்றது. மாடிப்படியின் அடியில் பையை மாட்டிக்கொண்டு ஏறினாள். அப்போதும் கனம் இல்லை. முதல் மாடி திரும்பியதும் சத்தம் கேட்டது. அவள் காலடிக்குக் காலடி, சரியாக ஒரு படி கீழே, தொண்டைக்குள்ளிருந்து ஒரு ‘ஹும்’. அப்பா ஒவ்வொரு படிக்கும் போடுகிற சத்தம். இரண்டாவது மாடியில் அது இழுத்தது. மூன்றாவதில் மூச்சு சீழ்க்கை அடித்தது. அவளுடைய மூச்சு மட்டும் கோலம் போடுகிறவள் மூச்சுப் போல நிதானமாக இருந்தது.

வாரை அவிழ்த்துவிட்டாள். பை விழுந்ததில் தரை அதிர்ந்தது.

அம்மா கதவைத் திறந்தாள். அவள் கையில் சும்மாட்டுத் துணி. பிழிந்தால் சொட்டும் போல இருந்தது. பையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், கீழே காலியாகக் கிடந்த படிகளைப் பார்த்தாள்.

“அந்த மனுஷனா?”

மகள் தலையை ஆட்டினாள். அம்மா அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“உக்காரவே மாட்டாருடி. மூட்டைக்காரங்க அப்படித்தான், லாரி காலியாகிற வரைக்கும் உக்காரக் கூடாது. நடுவுல உக்காந்துட்டா அப்புறம் முதுகு எழும்பாதாம். வீட்டுலகூடச் சுவத்துல சாஞ்சு நின்னுதான் சாப்பிடுவாரு, நீ பாத்திருக்கியே. அந்தக் கடைசி லாரி பாதியில நின்னு போச்சு. அவருக்கு அது இன்னும் காலியாகலை.”

“அதுக்கு என் பையைத் தூக்குவாரா?”

“வேற யாரு பையைத் தூக்குவாரு?”

அன்றைக்கே அவள் சாமான்களைத் தரையில் பரப்பி மறுபடி தேர்ந்தெடுக்க உட்கார்ந்தாள். முந்தைய தடவை தனக்காக. இந்தத் தடவை அவருக்காக. இரண்டாவது சட்டை வேண்டாம். அடுப்பு வேண்டாம், உலர்ந்த தீனியைத் தின்றுகொள்ளலாம். சோப்பைப் பாதியாக வெட்டினாள், பாதியை மறுபடி பாதியாக்கினாள். போர்வையையும் எடுத்துவிட்டாள்; குளிரில் விறைத்தால் விறைக்கட்டும். கடையில் பஞ்சு போல உடம்பு வைத்துக்கொண்டு கிராம் கிராமாகக் குறைக்கிறவர்களை எத்தனை கிண்டல் பண்ணியிருப்பாள்! இப்போது ஒரு கிராம் எடுக்கிற ஒவ்வொரு தடவையும் யாரோ முதுகில் மருந்து தடவுகிற மாதிரி இருந்தது.

பையை மாட்டிக்கொண்டு ஒரு படி ஏறினாள்.

ஹும்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வெறும் பையை மாட்டினாள். ஏறினாள்.

ஹும்.

அப்போதுதான் அவளுக்கு ஆத்திரம் வந்தது, சாதாரண ஆத்திரம் இல்லை. “வெறும் பைப்பா! காத்துதான் இருக்கு! காத்தையும் சுமப்பியா? உன் முதுகை உடைச்சவன் லாரியை விட்டுட்டுப் போயிட்டான். நீ இன்னும் என்ன, கூலி இல்லாம ஓவர்டைம் பாக்குறியா? உன் பொண்ணுக்குத் தோள் இல்லையா? யாரைக் கேட்டுத் தூக்குற?” படிக்கட்டு முழுவதும் எதிரொலித்தது. எந்தக் கதவும் திறக்கவில்லை. அவளுக்குப் பின்னால் யாரோ ஒருவர் மூச்சிரைத்தபடி, திட்டு வாங்கிக்கொண்டு, நின்றுகொண்டே இருந்தார்.

நின்றுகொண்டே. அந்த வார்த்தை அவளுக்குள் மாட்டிக்கொண்டது.

கிளம்புகிற அன்று காலையில் கடை திறக்கும்போதே போய் நின்றாள்.

“சார், என் கேரியர் எங்க?”

“பழைய இரும்போட கிடக்கு. ஏன்?”

“மாட்டணும்.”

“பைத்தியமா? பையை அதுல வைக்கப்போறியா?”

“பை முதுகுல. கேரியர் காலியா வரும்.”

“காலியா வர்றதுக்கு முக்கால் கிலோ இரும்பா? கிராம், உனக்கு என்ன ஆச்சு?”

“ஸ்பேனர் குடுங்க சார்.”

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் ஸ்பேனரைக் கொடுத்தார். நான்கு திருகாணிகளையும் அவளே முறுக்கினாள். பக்கத்தில் நின்று பார்த்தவர், என்ன நினைத்தாரோ, குனிந்து கடைசித் திருகாணியை இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிட்டார்.

வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினாள். அடுப்பு, போர்வை, இரண்டாவது சட்டை எல்லாம் பைக்குள் திரும்பி வந்திருந்தன. பையை மாட்டினாள். வழக்கம் போலக் கனம் இல்லை. அம்மா கீழே இறங்கி வந்து, சும்மாட்டுத் துணியை நாலாக மடித்து, ஒன்றும் கேட்காமல் கேரியர் மேல் வைத்தாள்.

அவள் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா. லாரி காலி. ஏறி உக்காரு.”

தெருவில் பால்காரர் போனார். ஒன்றும் நடக்கவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“உக்காருப்பா. முதுகு எழும்பலைன்னா எழும்ப வேணாம். நான் மிதிக்கிறேன்.”

ஏழரைக் கிலோவும் அவள் மேல் இறங்கியது. வார் தோள்பட்டையைக் கடித்தது, இடுப்பு ஒரு கணம் வளைந்தது. அடேயப்பா, என்ன கனம்! பல்லைக் கடித்து நிமிர்ந்தாள். பின்னால் இரும்பு கிறீச்சிட்டது. அம்மாவின் கண் போன இடத்தை அவளும் பார்த்தாள். காலிக் கேரியருக்கு அடியில் டயர் தரையோடு அமுங்கி, பக்கவாட்டில் பிதுங்கியிருந்தது.

“கெட்டியாப் பிடிச்சுக்கங்க,” என்றாள் அம்மா, கேரியரைப் பார்த்து.

“இங்க பாரு,” என்றாள் அவள், திரும்பாமலே. “ஸ்டேஷன்ல சைக்கிளை மடக்கணும், அப்ப மட்டும் எறங்கிக்கோ. ஆனா பையில கை வெச்சே, நடக்கிறதே வேற.”

தெருமுனையிலேயே மேடு தொடங்கியது. சின்னச் சக்கரங்கள் திணறின. பெடலில் எழுந்து நின்று மிதித்தாள். தொடை எரிந்தது, தோள் எரிந்தது, ஒவ்வொரு மிதிக்கும் அவள் தொண்டையிலிருந்து ஒரு ‘ஹும்’ தானாக வந்தது. பாதி மேட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டாள்.

பின்னால் சத்தமே இல்லை. உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு மூச்சு ஏன் வாங்கப்போகிறது?