ஜீப்பைத் தள்ளுகிற பதினொரு பேர்

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முழுக்க என் கற்பனை என்று நீங்கள் பாராட்டிவிட்டால் எனக்கு இரவில் தூக்கம் வராது.

1982 தை மாதம் நான் ஏறி வந்த வாடகைக் கார் நத்தம் சாலையில் நின்றுவிட்டது. நின்ற இடத்துக்கு எதிரிலேயே ஒரு மோட்டார் பட்டறை. பட்டறைக்காரர் பெயர் ஒச்சப்பன். அவர் காருக்கடியில் படுத்திருந்த ஒரு மணி நேரமும் எனக்குச் சுவரைப் பார்ப்பதுதான் வேலை. முருகன் காலண்டருக்கும் டயர் விளம்பரத்துக்கும் நடுவே அந்தப் படம் மாட்டியிருந்தது.

வறண்ட குளம். நடுவில் ஒரு பழைய ஜீப். பதினொரு பேர் அதைத் தள்ளுகிறார்கள். ஓட்டுகிறவர் இடத்தில் தொப்பி வைத்த ஒரு வயதானவர், கிணற்றுக் கயிற்றைப் பிடிப்பதுபோல ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். வாய் திறந்திருக்கிறது. கீழே மையால் எழுதியிருந்தது: ‘டைரக்டர் சாருக்கு வழியனுப்பு விழா, 1967.’

“எந்தப் படத்துக்கு டைரக்டர்?” என்று கேட்டேன்.

“எல்லாரும் இதத்தான் கேக்குறாக. சினிமா இல்லீங்க சார், ரேஸ் கிளப்புக்கு டைரக்டரு. பதினாறு வருசம்.”

“ஜீப் பழுதாகிவிட்டதா?”

ஒச்சப்பன் காருக்கடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். “பழுதுன்னும் சொல்லலாம்” என்றார்.

‘பழுதுன்னும்’ என்றதிலிருந்த அந்த ‘ம்’முக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

‘சித்திரை வெயிலில் குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தூரத்தில் மலைக்கோட்டை…’ (நிறுத்திவிட்டேன். திண்டுக்கல்காரர்களுக்கு வெயிலைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?)

‘வேகம்! அதுவே ஞானதாஸின் மூச்சு!’ (இது பொய். அவர் வேகமாக நடந்ததுகூட இல்லை.)

‘ஞானதாஸுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.’

இதை வைத்துக்கொள்கிறேன். கதை முழுவதும் இந்த ஒரு வரிதான். இதற்குமேல் நான் எழுதுவதெல்லாம், அது எப்படி பதினாறு வருஷம் ஊருக்குத் தெரியாமல் இருந்தது, தெரியவேண்டிய நாள் வந்தபோது என்ன ஆனது என்பதுதான்.

3

ஞானதாஸ் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். 1951இல் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த ஏழெட்டுப் பேர் சேர்ந்து பந்தயச் சங்கம் ஆரம்பித்தார்கள். அகரத்துக்குத் தெற்கே ஒரு குளம், கோடையில் கல்லாய் இறுகிவிடும். அதுதான் பாதை. வண்டி இருந்தது, ஆள் இருந்தது. நேரம் பார்க்கக் கடிகாரம் இல்லை. நொடியைப் பிடித்து நிறுத்துகிற கடிகாரம் ஊரில் ஞானதாஸிடம் இருந்தது.

“சார், வாட்ச் இருக்கா?”

“இருக்கு.”

“ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு வாரீங்களா?”

அவ்வளவுதான் பேச்சு. வண்டி ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் அவரையே டைரக்டர் ஆக்கினார்கள். முதல் வருஷம், கேட்டால் சொல்லலாம் என்று இருந்தார். இரண்டாம் வருஷம், கேட்காமல் எப்படிச் சொல்வது என்று இருந்தார். மூன்றாம் வருஷம் வெட்கம் வந்துவிட்டது. வெட்கத்துக்கு ஒரு குணம், அது வயதாக ஆகப் பருக்கும்.

(பொய்யே சொல்லாத மனிதர். சொல்லாமல் விட்டது பொய்யா? இந்த இடத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். அவரே அதைத் தினமும் ஜெபத்தில் கேட்டுக்கொண்டிருந்தார் என்று மட்டும் வைத்துக்கொள்வோம்.)

அந்த ஜீப்பும் அவருக்கு உதவியது. யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த அமெரிக்க வண்டி, ஸ்டீரிங் இடதுபுறம். பந்தயத்துக்கு முன்னால், அப்போது இளைஞராக இருந்த பட்டறைக்கார ஒச்சப்பன் இடதுபுறம் உட்கார்ந்து ஓட்ட, ஞானதாஸ் வலதுபுறம் கொடியோடு உட்கார்ந்து ஒரு சுற்று வருவார். நம் ஊர் வண்டிகளில் வலதுபுறம் இருப்பவர்தானே ஓட்டுகிறவர்? கரையில் நின்ற ஜனம், ‘டைரக்டர் ஒரு கையால கொடியப் புடிச்சிக்கிட்டே ஓட்டுறாரு பாரு’ என்று பேசிக்கொண்டது.*

* சங்கத்துக்காரர்கள், பெரியவர் ஆள் வைத்து ஓட்டுகிறார் என்று நினைத்தார்கள். மரியாதையும் ஒருவகைக் கண்கட்டுத்தான்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, பந்தயம் ஓடுகிற ஒவ்வொருவரும் கொடி அசைவதற்கு முன் அவர் கண்ணெதிரே ஒரு சிறுமலை வாழைப்பழம் சாப்பிட வேண்டும். “சாப்பிட்டியா?” என்று கேட்டு, தோலைக் கையில் வாங்கிக்கொண்டுதான் நகர்வார். வெறும் வயிற்றில் ஓட்டுகிறவனுக்குக் கோபம் வரும், கோபத்தில் ஓட்டுகிறவன் விழுவான் என்பது அவர் கணக்கு. இரண்டு, கோடையிலும் குளத்தில் தண்ணீர் நின்று பந்தயம் இல்லாமல் போன வருஷங்களில், அவர் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவார். “நாலு ஊரு வெள்ளாமைக்கு முன்னாடி நம்ம டுர்ருடுர்ரு எம்மாத்திரம்?” என்பார்.

நான் கும்பிடுகிற சாமி வேறு. ஆனால் இந்த மனிதரோடு ஒரே வரிசையில் நின்று கும்பிட எனக்குச் சம்மதம்.

4

இனிப் பொன்னுத்துரை. தாடிக்கொம்புப் பக்கம் தென்னந்தோப்பு உள்ள வீட்டுப் பிள்ளை. சங்கத்திலேயே வேகக்காரன்.

1958 பந்தயத்தில் ஒரு கிழவி ஆடுகளோடு பாதைக்குள் இறங்கிவிட்டாள். ஞானதாஸ் சிவப்புக் கொடியை வீசினார். ஐந்து பேர் நின்றார்கள். முன்னால் போன பொன்னுத்துரை நிற்கவில்லை; ஆட்டுக்கும் கிழவிக்கும் நடுவே புகுந்து போய் முதலாவதாக வந்தான். யாருக்கும் அடி இல்லை. ஞானதாஸ் அவனுக்குக் கோப்பை கிடையாது என்றார். ஒரு வருஷம் பாதையில் இறங்கக்கூடாது என்றார்.

“அந்த எடத்துல பிரேக்கப் புடிச்சா வண்டி சாஞ்சு அந்தப் பாட்டி மேலயே விழுந்திருக்கும் சார்! ஓட்டுறவனுக்குத்தான் அது தெரியும்!”

“கொடி கொடிதான்” என்றார் ஞானதாஸ்.

ஆனால் அன்றிலிருந்து அந்த வாக்கியம் அவரோடு குடியிருந்தது. ஓட்டுறவனுக்குத்தான் அது தெரியும். அவன் சொன்னது சரியா, தவறா? அவரால் தீர்ப்புச் சொல்லத்தான் முடிந்தது, சரிபார்க்க முடியவில்லை.

பொன்னுத்துரை ஒரு வருஷம் கழித்து வந்தான். பழத்தைத் தின்றான். தோலைக் கொடுத்தான். அந்த ஆட்டுப் பந்தயத்துக்கு ஒன்பது வருஷம் கழித்து, ஞானதாஸுக்குக் கண்ணில் புரை விழுந்து அவர் விலகுவதாகச் சொன்னபோது, சங்கம் அடுத்த டைரக்டராகத் தேர்ந்தெடுத்தது பொன்னுத்துரையைத்தான். அவன் எழுந்து நின்று சொன்ன முதல் வார்த்தை:

“சார் வழியனுப்பு அன்னைக்கு, அந்த ஜீப்ப அவரே ஒரு சுத்து ஓட்டணும். தனியா. நாம எல்லாரும் கரையில நின்னு கை தட்டணும்.”

எல்லோரும் அப்போதே கை தட்டினார்கள். ஞானதாஸ் தண்ணீர் டம்ளரை எடுத்தார். கை ஆடி, பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது.

5

“சொல்லிருங்க” என்றாள் அவர் மனைவி அருளாயி. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“முன்னூறு பேரு வருவாங்க. சிரிப்பாங்க.”

“சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. பல்லு அவங்களுது.”

“என்னையப் பாத்துச் சிரிச்சாப் பரவால்ல அருளாயி. நான் சொன்ன தீர்ப்பப் பாத்துச் சிரிப்பாங்க. பதினாறு வருசம், இவன் செஞ்சது தப்பு, அவன் செஞ்சது சரின்னு சொல்லியிருக்கேன். அம்புட்டும் ஓட்டத் தெரியாதவன் சொன்னதுன்னு ஆயிரும்ல?”

அருளாயி முறத்தை நிறுத்தினாள். “அப்ப ஒண்ணு செய்றேன். அந்த ஜீப்பு கெட்டுப்போகணும்னு அந்தோணியாருக்கு நேந்துக்கிறேன்.”

“அது பாவம்டி.”

“ஜீப்புக்கு என்ன பாவம்? அது என்ன ஞானஸ்நானம் வாங்கியிருக்கா?”

அவர் சிரிக்கவில்லை. விழாவன்று ஒலிபெருக்கியில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று அன்று மத்தியானம் முடிவு செய்தார்.

6

இங்கே வாசகரிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

முதல் பிரதியில் பொன்னுத்துரையை வில்லனாக எழுதினேன். ‘அவன் உதட்டோரம் ஒரு கோணல் சிரிப்பு நெளிந்தது. ஒன்பது வருஷமாகக் காத்திருந்த…’ என்று ஒரு பக்கம் ஓடியது. எழுத வெகு சுலபமாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. ஒரு மனிதனைக் கெட்டவனாக எழுதும்போது பேனா வழுக்கிக்கொண்டு போகிறதென்றால், எழுதுகிறவனிடம் ஏதோ கோளாறு இருக்கிறது.

அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன். ஆனால் ஞானதாஸ் மனத்திலிருந்து என்னால் அதை அடிக்க முடியாது. அவர் அப்படித்தான் நினைத்தார்: அவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, பழி வாங்குகிறான்.

7

விழா நாள். காலையில் அவர் செய்த ஜெபம் சின்னது. ‘ஆண்டவரே, பிரேக் எது என்று காட்டாவிட்டாலும் போகட்டும். நாக்கு மட்டும் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும்.’

வழக்கம்போல எல்லோருக்கும் பழம் கொடுத்தார். “சாப்பிட்டியா? நீ சாப்பிட்டியா?” தோல்களை வாங்கிக்கொண்டார். பந்தயங்கள் முடிந்தன. மாலை போட்டார்கள். ஒலிபெருக்கியை அவர் கேட்டு வாங்குவதற்குள் பொன்னுத்துரை அதில் முழங்கிவிட்டான்: “இப்போ நம்ம டைரக்டர் சார், தன் கையாலே ஒரு சுத்து!”

கரை முழுக்கக் கைதட்டல். யாரோ அவரைக் கையைப் பிடித்து ஜீப்பின் இடதுபுறம் ஏற்றிவிட்டார்கள். பதினாறு வருஷத்தில் முதல் தடவை அந்தப் பக்கம். ஒச்சப்பன் குனிந்து மெல்லச் சொன்னார், “இந்தா, இதான் ஸ்டார்ட்டரு, காலால அமுக்குங்க சார். பயப்படாதீங்க.”

அமுக்கினார். எஞ்சின் இருமியது, பிடிக்கவில்லை. மறுபடி அமுக்கினார். மறுபடி இருமல்.

“ஏலே, வண்டியும் ரிட்டயர் ஆயிருச்சுடோய்!” என்று கரையிலிருந்து ஒரு குரல். ஒரே சிரிப்பு.

ஒச்சப்பன் முன்மூடியைத் தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிக் கையை விரித்தார். பொன்னுத்துரை ஓடி வந்தான். “விடுங்கப்பா, தள்ளுவோம்! வாங்கலே எல்லாரும்! சார், நீங்க ஸ்டீரிங்கப் புடிச்சாப் போதும்.”

தப்பித்தாயிற்று. இந்த இடத்தில் எந்த மனிதனும் வாயை மூடிக்கொண்டிருப்பான். நானாக இருந்தால் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். ஞானதாஸ் பொன்னுத்துரையின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“பொன்னுத்துரை. எனக்கு ஓட்டத் தெரியாதுப்பா. எப்பவுமே தெரியாது. அம்பத்தெட்டுல நீ சொன்னது சரியா இருந்திருக்கும். எனக்குத் தெரியல.”

பொன்னுத்துரை ஒரு நொடி அவரைப் பார்த்தான். பிறகு காற்சட்டைப் பையிலிருந்து ஒரு சிறுமலைப் பழத்தை எடுத்தான். காலையிலிருந்து பையில் கிடந்து கொஞ்சம் நசுங்கியிருந்தது.

“எல்லாருக்கும் குடுத்தீங்க. நீங்க சாப்பிட்டீங்களா சார்?”

அவர் சாப்பிட்டார். பொன்னுத்துரை தோலுக்குக் கையை நீட்டினான், வாங்கிக்கொண்டான்.

“எந்தப் பக்கம் திருப்பணும்பா?” என்று கேட்டார் ஞானதாஸ்.

“போற பக்கம் திருப்புங்க சார். மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்.”

8

படத்தில் அவர் வாய் திறந்திருப்பது, வலதுபுறம் திருப்பும்போது அவர் போட்ட கூச்சலுக்காக என்று ஒச்சப்பன் சொல்கிறார். முழுச் சுற்றும் வந்தார்களாம். கரை முழுக்கக் கைதட்டலாம்.

“சரி, ஜீப்புக்கு என்னதான் கோளாறு?” என்று கேட்டேன்.

கார் தயாராகிவிட்டது. ஒச்சப்பன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ள ரோட்டார்னு ஒண்ணு இருக்கும் சார், பெருவிரல் அம்புட்டுத்தான். அத எடுத்துட்டா வண்டி இருமும், கெளம்பாது. சாருக்கு ஓட்டத் தெரியாதுன்னு எனக்கு மட்டும் ரெம்ப நாளா தெரியும். பக்கத்துல ஒக்காந்து ஓட்டுனவன்ல? கியர் எதுன்னுகூட அவருக்குத் தெரியாது. அதனால அன்னைக்கு விடியக்காலைல அத எடுத்துரலாம்னு போனேன். மூடியத் தொறந்தா, உள்ள காலி! எனக்கு முந்தியே எவனோ எடுத்துட்டான்.”

“யார்?”

“அதான் தெரியல. மறுநா காலைல பட்டறத் திட்டு மேல ஒரு தாள்ல சுத்தி வச்சிருந்துச்சு.”

ஆகவே முடிவு இனி என் கையில் இல்லை. மூன்று வழி இருக்கிறது.

பொன்னுத்துரை வன்மத்தோடுதான் அந்தச் சுற்றை அறிவித்தான். டம்ளர் ஆடியதைப் பார்த்து, இரண்டு நாள் தூக்கம் கெட்டு, அவனே போய் எடுத்தான். அல்லது, அன்பினால் அறிவித்தான்; அதே டம்ளரைப் பார்த்துத்தான் விஷயம் புரிந்து, பதறிப்போய் எடுத்தான். அல்லது அவன் இல்லவே இல்லை. தள்ளுகிறவர்களில் இடது ஓரம் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பருத்த மனிதர் இருக்கிறார், அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அவராக இருக்கலாம். (இதைப் படித்துப் பார்த்த என் மனைவி, அருளாயியின் நேர்ச்சையை நான் கணக்கில் எடுக்கவில்லை என்கிறாள். அந்தோணியார் காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர். இருப்பதைக் காணாமல் அடிப்பவர் அல்ல என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.)

யாரென்று நான் எழுதிவிடலாம். எழுதினால் மற்ற எல்லோரும் எடுக்காதவர்கள் ஆகிவிடுவார்கள். எனக்கு அதில் மனம் இல்லை.

கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்களே ஒரு பெயர் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: படித்து வரும்போது யார்மேல் உங்களுக்குச் சந்தேகம் வந்ததோ, அவர் பெயரை முதலில் எழுதிப் பாருங்கள்.

ரோட்டாரை எடுத்தவர்: ………………………