பிடியரிசி நோட்டு

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயிலின் பின்னறையில் கூடியவர்கள் ஐந்து பேர். ஜன்னலோரம், ஒரு கை ஒடிந்த நாற்காலியில் போதகர். அவருக்கு வலப்புறம் சபைச் செயலாளர் அருமைநாயகம், மடியில் நீள நோட்டோடு. எதிர்ப் பெஞ்சியில் மூப்பர்கள் இருவர், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு; அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. கதவண்டை, ஹார்மோனியத்து முக்காலியில் பாட்டு வாத்தியார் மாசிலாமணி. பேச வேண்டியதே அவரைப் பற்றித்தான் என்பதால் யாரும் அவரை உள்ளே தள்ளி உட்காரச் சொல்லவில்லை.

அது 1944 ஜனவரி. மயிலாப்பூரில் கடலோரமாக இருந்த அந்தச் சிறிய சபையில் பாட்டு வாத்தியாருக்குச் சம்பளம் கிடையாது. தங்குவதற்குக் கோயிலுக்குப் பின்னால் ஓர் அறை, சாப்பிடப் பிடியரிசி. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக ஒரு சட்டியில் போட்டு வைப்பார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அருமைநாயகம் நோட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார். ஒவ்வொரு பெண்ணாக எழுந்து வந்து தவலையில் கொட்டுவாள். பதினோரு வருஷமாக அந்தத் தவலைதான் மாசிலாமணியின் வீட்டைக் காப்பாற்றி வந்தது.

“மூணு மாசமா தவலையில அடிதான் தெரியுது,” என்றார் அருமைநாயகம். “முன்னால பாட்டுப் பாயில அஞ்சு பொம்பளைங்க உக்காந்து பாடினாங்க. இப்ப ஒருத்தரும் இல்ல. வாத்தியாரும் ஹார்மோனியமும் மட்டும் பாடறாங்க. அந்த ஹார்மோனியமும் வெள்ளத்துல ஊறினதுலேருந்து நம்ம மூப்பர் மாடிப்படி ஏறுற மாதிரி மூச்சு வாங்குது.”

ஒரு மூப்பர் சிரித்தார். இன்னொருவர், சொன்னது யாரை என்று யோசித்தார்.

அருமைநாயகம் வாத்தியார் பக்கம் திரும்பினார். “ரேஷன் கடையில கணக்குப்பிள்ளை வேலை ஒண்ணு இருக்கு. நான் சொன்னா எடுத்துப்பாங்க. ஞாயித்துக்கிழமையும் கடை உண்டு, அதையும் இப்பவே சொல்லிடறேன்.”

ஞாயிறும் கடை என்றால் பாட்டு இல்லை என்று அர்த்தம்.

“பட்டினி கெடன்னு சொல்ல எனக்கு வாய் வரல, தம்பி,” என்றார் போதகர். “யோசிச்சு, சனிக்கிழமைக்குள்ள எழுத்துல குடுத்துடு.”

“சரிங்கய்யா.”

மாசிலாமணிக்கு வருத்தம் வரவில்லை. வரும் என்று சற்று நேரம் காத்திருந்து பார்த்தார்.

அக்டோபர் வெள்ளம் வடிந்தபின் பரவிய காய்ச்சலில் அவருடைய ஆறு வயது மகள் போய்விட்டாள். கல்லறையில் பாட்டு எடுத்துக் கொடுக்க வேறு ஆள் இல்லை. அவரே எடுத்துக் கொடுத்தார். நான்கு சரணமும் தவறில்லாமல் பாடினார். அன்றிலிருந்து கையும் குரலும் வேலை செய்தன, வேறெதுவும் செய்யவில்லை. பாடுகிற பெண்கள் ஒவ்வொருவராக நின்றதும் அதற்குப் பிறகுதான். உயிரில்லாத குரலுக்குப் பின்னால் யார் பாடுவார்கள், தேவனே தன்னை இந்த வேலையிலிருந்து விலக்கிவிட்டார் என்று அவர் முடிவு கட்டி வைத்திருந்தார்.

வீட்டில் அவர் மனைவி சுலோச்சனா ரேஷன் அரிசியை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கி முடித்து, ஒரு பிடியை ஓரத்துச் சட்டியில் போட்டாள்.

“நம்ம வீட்டுக்கு வர்ற அரிசிக்கு நாமளே எதுக்குப் போடணும்?”

“கோயிலுக்குப் போயிட்டு வந்தாதான் அது ஆண்டவர் குடுத்த சோறு. கடை வேலைக்குப் போறீங்களா?”

“போறேன்னுதான் எழுதணும்.”

எழுத உட்கார்ந்தார். காரணங்களை எண் போட்டு எழுதுவது அவர் வழக்கம். முதல் காரணம், பாடுகிறவர்கள் வருவதில்லை. ஏன் வருவதில்லை? அவர்களைக் கேட்காமல் அதை எழுதுவது சரியில்லை என்று பேனாவை மூடினார்.

மறுநாள் காலை மீனவர் குப்பத்துக்குப் போனார். கெங்கம்மா கூடையில் மீன் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஞானஸ்நானத்தில் அவளுக்கு ரெபேக்காள் என்று பேர். யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பாட்டுப் பாயில் அவள் குரல்தான் மேலே நிற்கும், மற்ற நால்வரும் அதைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

“இன்னா வாத்தியாரே, மீனு வாங்க வந்த மூஞ்சியா இல்லியே.”

“பாட்டுக்கு ஏன் வரதில்ல? என் குரல் சரியில்லையா?”

“உன் கொரலுக்கு இன்னா? எப்பவும் போல ஆடு கத்துற மாதிரிதான் கீது. அதுக்கா நிப்போம்?” கையை மணலில் துடைத்தாள். “கார்டுக்குப் போடுற அரிசி பசங்களுக்கே பத்தல. சட்டியில போட்ட பிடியத் திரும்ப எடுத்து ஒலையில போட்டேன். செகரட்டரி பேரு கூப்ட்டா இன்னாத்த கொட்டுறது? வெறுங்கையோட மொத பாயில குந்திகினு பாடச் சொல்றியா?”

“அது மாசத்துல ஒரு ஞாயிறுதானே. மத்த ஞாயிறு வரலாமே.”

“மூணு வாரம் வந்துட்டு அந்த ஒரு வாரம் நின்னா, யார் வூட்டு சட்டி காலின்னு எல்லாருக்கும் தெரிஞ்சிபூடும். அதுக்கு ஒரேயடியா நிக்கலாம். மத்தவளுங்களுக்கும் இதே கததான்.” கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “உன் மூஞ்சியில முழிக்கவும் முடியல. புள்ளைய பறிகுடுத்த ஆளு. உன் சோத்துலயும் நாங்க மண்ண போட்டுட்டோம்.”

“பாட்ட விட்டுட்டீங்களா?”

“கூடைய தூக்கினு லஸ்ஸு வரிக்கும் பாடிகினுதான் போறேன். எவன் கேக்குறான்.”

குறை தன் குரலில் இல்லை என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை. என்ன எழுத வேண்டும் என்பது மட்டும் தெரிந்துவிட்டது. நடந்து வந்து, கால் மணலைத் தட்டிவிட்டு எழுதினார்.

‘கனம் செயலாளர் அவர்களுக்கு. ஒன்று: பாடுகிறவர்கள் வராததற்குக் காரணம் பிடியரிசி நோட்டு. இரண்டு: இனிமேல் எனக்காகப் பிடியரிசி வாங்க வேண்டாம், ஒருவர் பேரையும் கூப்பிட வேண்டாம். வெறுங்கையோடு வந்து பாடட்டும். மூன்று: கடை வேலை எனக்கு வேண்டாம். ஞாயிறு தவறாமல் ஹார்மோனியத்தில் இருப்பேன். நான்கு: என் சாப்பாட்டைத் தேவன் பார்த்துக்கொள்வார்.’

நான்காவதில் நின்றார். இதை ஆயிரம் தடவை பாடியிருப்பார்; எழுதியது இதுதான் முதல் தடவை. யாரோ சொல்லி, தான் எழுதிக் கொடுத்த வரி போலிருந்தது. அடித்துவிடலாமா என்று பார்த்தார். அதை அடித்தால் மூன்றாவது நிற்காது. மூன்றாவது போனால் இரண்டாவதும் போகும். அடிக்கவில்லை.

சுலோச்சனா பின்னால் நின்று வாசித்தாள்.

“தவலை வேணாம்னா, நமக்கு?”

“நாலாவதுல இருக்கு.”

“நம்பித்தான் எழுதினீங்களா?”

“தெரியல. எழுதிட்டேன்.”

அவள் இன்னொரு தடவை முதலிலிருந்து வாசித்தாள். “தேதி போடல,” என்றாள்.

தேதி போட்டு, மடித்து உறையில் வைத்தார். அவள் பானையிலிருந்து இரண்டு பருக்கை எடுத்து வந்து உறையின் விளிம்பில் மசித்தாள். அவர் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு காயும்வரை உட்கார்ந்திருந்தார். அருமைநாயகத்தின் வீடு சிந்தாதிரிப்பேட்டையில். நேரில் கொடுத்தால் பேச வேண்டி வரும். லஸ் முனைத் தபால்பெட்டிக்கு நடந்து போய், மூன்று மணித் தபால் கட்டை எடுப்பதற்குள் உள்ளே போட்டார்.