சில்லானின் தொண்டை வெளிச்சம்

1

இந்தக் கதை ஒரு வாசல் பல்பிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்களாக உயர்வாக எதையாவது நினைத்துக்கொண்டால் எனக்குத்தான் சங்கடம். காவலூர் மலைமேல் தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்; ஊர் வெளிச்சம் மேலே போனால் அவர்களுக்கு வானம் தெரியாது. அதனால் பல்புக்கு மேலே ஒரு தகர மூடி போடச் சொல்லி என் மனைவி சாந்தாமேரி நச்சரித்துக்கொண்டே இருந்தாள். ஏணியில் நின்று மூடியைத் திருகும்போது தோன்றியது: சுவிட்சே இல்லாத வெளிச்சம் ஒன்று இந்த ஊருக்கு வந்தால் என்ன செய்வார்கள்?

2

மலையோடையில் பனி படர்ந்த அந்த அதிகாலையில்

(வேண்டாம். இந்த வரியை ஏற்கெனவே நாலைந்து கதைகளில் செலவழித்துவிட்டேன்.)

ரெபேக்கா பஸ் நிறுத்தத்தில் டிபன் கடை வைத்திருக்கிறாள். கோடையில் ஓடை வற்றியதும் ஒரு சில்லான் அவள் பாத்திரம் கழுவும் தொட்டியில் வந்து குடியேறியது.

சில்லானை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நேற்றுதான் உண்டாக்கினேன். உள்ளங்கை அளவு, தவளை முகம், ஓணான் வால். தண்ணீருக்குள் செவுளால் மூச்சு விடும், கரையில் தோலால். தோல் காய்ந்தால் போச்சு, ஆகவே கையை நனைக்காமல் தொடக்கூடாது. சோப்பு ஆகாது. பலாத்தோலைப் பக்கத்தில் போட்டால் மொய்க்கிற ஈயைப் பிடித்துத் தின்னும். வயிறு நிறைந்து, உடம்பு நனைந்து, பயமில்லாமல் இருந்தால் அதன் தொண்டை நீலமாக எரியும். தெருவே தெரிகிற அளவுக்கு எரியும். பயந்தால் சட்டென்று அணைந்துவிடும்.

ரெபேக்கா தொட்டியை அதற்கே விட்டுவிட்டு, பாத்திரங்களைக் குழாயடிக்குத் தூக்கிப்போய்க் கழுவினாள். ஏனென்றால்

(காரணம் எழுதிப் பார்த்தேன், சரிப்படவில்லை. அவளுக்கு அதைப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான்.)

3

பொழுது சாய்ந்ததும், மேலே தொலைநோக்கியில் வேலை பார்க்கும் கோபால்சாமி இறங்கி வந்தான்.

"அக்கா, பின்னாடி இன்னா லைட்டு அது? கொஞ்சம் நிறுத்துங்க. மேல படம் எடுக்க முடில."

"லைட்டு இல்ல தம்பி, சில்லான்."

"அப்ப சில்லான நிறுத்துங்க."

"அதுக்கு வயிறு ரொம்பிடுச்சி. நான் இன்னா பண்றது?"

அவன் தொட்டிப் பக்கம் போய்க் குந்தி, வந்த வேலையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லாத்தாங்க்கா கீது. ஆனா எங்க வேலை இருட்லதான நடக்கும்."

(கோபால்சாமியை முதலில் வில்லனாக எழுதி, பெரிய மீசையும் வைத்தேன். ஒட்டவில்லை. அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது.)

ரெபேக்கா தொட்டிமேல் ஈரச்சாக்கைப் போர்த்தினாள். ஈரச்சாக்கு என்றால் சில்லானுக்குக் கொண்டாட்டம். இன்னும் பலமாக எரிந்தது. சாக்கின் கண்ணெல்லாம் நீலம் கசிந்தது. தகரத்தால் மூடினால் மூச்சு முட்டும். இப்படி ஒரு பிராணியை உண்டாக்கியவனை உதைக்க வேண்டும்.

4

முடிவுகள்:

(அ) ஓடையில் கொண்டுபோய் விடுகிறாள். ஓடைதான் காய்ந்து கிடக்கிறதே. இந்த முடிவை அடித்துவிட்டேன்.

(ஆ) தினமும் இருட்டியதும் கரண்டியால் தொட்டியை ஓங்கித் தட்டுகிறாள். சில்லான் நடுங்கி அணைகிறது. மேலே படம் தெளிவாக விழுகிறது.

இது கச்சிதம் என்று சாந்தாமேரிக்குப் படித்துக் காட்டினேன்.

"தெனம் பயமுறுத்திக்கினே வளக்கறதுக்குப் பேரு வளக்கறதாங்க?"

"கதைன்னா முடிவுன்னு ஒண்ணு வேணும்ல."

"வேணும்னா நீங்களே தட்டுங்க. அவள எதுக்குத் தட்டச் சொல்றீங்க?"

நானே தட்டுவதாக எழுத உட்கார்ந்து பார்த்தேன். என்னாலும் முடியவில்லை. அது சந்தோஷமாக இருக்கிறது. அதைப் பார்த்து நானும் சந்தோஷமாக இருக்கிறேன். கெடுக்க மனசு வரவில்லை.

5

ஆகவே ரெபேக்கா கரண்டியோடு நிற்கிறாள். மேலே கோபால்சாமி காத்திருக்கிறான். தொட்டியில் நீலம்.

நீங்கள் தட்டுவதென்றால் தட்டலாம், தடுக்கமாட்டேன். இல்லையென்றால் இந்தப் புத்தகத்தை மூடிவிடுங்கள். மூடிய புத்தகத்திலிருந்து வானத்துக்கு ஒரு பொட்டு வெளிச்சம் போகாது. கோபால்சாமிக்கு அவன் இருட்டு கிடைக்கும். உள்ளே அது தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும்.

மெதுவாக மூடுங்கள். சத்தம் கேட்டால் பயந்துவிடும்.