கம்பளி நூற்ற கோமினியா

அம்மாவின் சிதை தணிவதற்குள் கோமினியா கல்தச்சன் பட்டறைக்குக் கிளம்பிவிட்டாள். விரித்த கூந்தலோடு, ஒஸ்தியாத் துறைமுகத் தெருவில் ஏறக்குறைய ஓடினாள். தம்பி ப்ரிஸ்குஸ் முந்திக்கொள்வான் என்று தெரியும்.

முந்தியிருந்தான். கல் தயாராகச் சாய்ந்திருந்தது. கம்பளிக் கூடையும் நூற்கும் கதிரும் ஏற்கெனவே செதுக்கிய கல். பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"என்ன எழுதச் சொன்னே?"

"அம்மா பேரு, கோமினியா. கற்புள்ளவள். வீட்டைக் காத்தாள், கம்பளி நூற்றாள். எல்லாரும் போடுறதுதான் அக்கா."

"அம்மா நூத்து நீ பாத்திருக்கியா? நம்ம போர்வையெல்லாம் கடையில வாங்கினதுடா."

"அதுக்காக? காலமெல்லாம் படகுக்காரனுங்களுக்கு மது ஊத்திக் கொடுத்தாள்னு போடவா? இப்பத்தான் என்னைக் கோயில் சபையில சேத்திருக்காங்க."

"அந்த மதுக்கடைச் சோத்தைத் தின்னுதான் சபைக்குப் போற."

கல்தச்சன் உளியைத் துடைப்பதுபோல் தலைகுனிந்துகொண்டான்.

"பேரு இருக்கில்ல, அது போதாதா?" என்றான் ப்ரிஸ்குஸ்.

"என் பேரு என்னடா?"

அவன் கல்லின் விளிம்பைத் தடவினான்.

"கோமினியா. பெரியப்பா மக பேரு? கோமினியா. நம்ம குலத்துப் பொண்ணுங்க எல்லாருக்கும் இதே பேருதான். அந்தக் கல்லறைச் சாலையில ஏற்கெனவே ரெண்டு கோமினியா படுத்திருக்காங்க. அவங்களும் நூத்தவங்கதான். இதுல அம்மா எங்கடா?"

ப்ரிஸ்குஸின் முகம் கோணியது. ஆனாலும் கல்தச்சனைப் பார்த்து, "சொன்னபடியே வெட்டுங்க" என்றான். மகன் சொல்தான் நின்றது.

படையல் நாளன்று சபைக்காரர்கள் இருவர் வந்திருந்தார்கள். கோமினியா ஓரிடத்தில் நிற்காமல் கல்லைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். ஆற்றுப் பக்கமிருந்து ஒரு படகுக்காரர் கூஜாவோடு வந்து, ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"கடைக்காரம்மாவ எங்கம்மா வச்சிருக்கீங்க? இங்க யாரோ நூல் நூத்த அம்மால்ல இருக்காங்க."

கோமினியா தம்பியைப் பார்த்தாள். சபைக்காரர்களும் பார்த்தார்கள்.

"இதுதான்" என்றான் ப்ரிஸ்குஸ், மெதுவாக.

"நம்ம அம்மாவா? நூத்தாங்களா?" படகுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார், சிரிப்பு பாதியில் உடைந்தது. கல்லடியில், படையலை ஊற்றச் சாம்பல் கலயத்துக்கு இறங்கும் ஈயக் குழாயருகே குந்தினார். "இதுல தண்ணி கலக்கலம்மா. உங்க கடைச் சரக்கு மாதிரி இல்ல."

சபைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் கூஜாவைச் சாய்க்கப் போனார்.

"இருங்க." ப்ரிஸ்குஸ் படையல் கூடையைத் துழாவிக்கொண்டே அவரருகே மண்டியிட்டான். "அம்மாவுக்குத் தேன் போட்டாத்தான் இறங்கும்."

தேன் குழாயின் விளிம்பில் தயங்கி நின்று, பிறகு மதுவோடு சேர்ந்து உள்ளே வழுக்கியது.